திரையில் மோதாத டூல் மெஷினில் ஏன் மோதுகிறது?

"சிமுலேஷன்ல சுத்தமா ஓடுச்சு சார், மெஷின்ல கிளாம்ப்ல இடிச்சிடுச்சு." மாடலிலிருந்து சிஎன்சி மெஷினுக்கான வெட்டும் பாதையைக் கணக்கிடும் கேம் (CAM) மென்பொருளில் புரோகிராம் போடுபவர்களோடு பழகினால் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் காதில் விழாமல் இருக்காது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. திரையில் டூல் (வெட்டும் கருவி) உண்மையிலேயே எதிலும், வெட்டப்படும் பொருளான ஜாபைப் பிடிக்கும் கிளாம்ப்பிலும், இடிக்கவில்லை. திரையில் இருந்த மெஷினும் தரையில் நிற்கும் மெஷினும் ஒன்றாக இல்லை, அவ்வளவுதான்.

மில்லிங்குக்கும் (டூல் சுழன்று வெட்டுவது) டர்னிங்குக்கும் (லேத்தில் ஜாப் சுழல வெட்டுவது) புரோகிராம் போடுவது என் தொழில். கேம் மென்பொருள் இன்று வந்து நிற்கும் இடத்தைப் பார்க்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதே சமயம் ஒரு விஷயம் கவலையும் தருகிறது. பழைய மென்பொருள் பயந்து பயந்து வெட்டும். டூலை நன்றாக உயரத் தூக்கும், சுற்றிலும் தாராளமாக இடம் விடும். புதியது அந்த இடைவெளியை எல்லாம் சுருக்கி நமக்கு நேரமாகத் திருப்பித் தருகிறது. ஆனால் டூலைப் பிடிக்கும் ஹோல்டரின் நீளத்தைத் தப்பாகக் கொடுத்ததையும், கிளாம்ப்பை வரையாமல் விட்டதையும் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தது அந்த இடைவெளிதான். மென்பொருள் கெட்டிக்காரத்தனமாக ஆக ஆக, நாம் கொடுக்கும் தகவலும் அதே அளவு துல்லியமாக வேண்டியிருக்கிறது.

அதிக மெட்டீரியலை வெட்டி எடுக்கும் முதல் கட்டமான ரஃபிங்கை எடுத்துக்கொள்வோம். 10 மி.மீ. எண்ட்மில் (மில்லிங் டூல்), 1 மி.மீ. ஸ்டெப்ஓவர் (ஒவ்வொரு பாஸுக்கும் டூல் பக்கவாட்டில் நகரும் தூரம்). நேரான சுவரை ஒட்டிப் போகும்போது டூலின் சுற்றளவில் சுமார் 37 டிகிரி மட்டும் மெட்டீரியலில் பதிந்திருக்கும். அதே டூல் பாக்கெட்டின் (ஜாபில் குடையும் குழியின்) 90 டிகிரி உள்மூலைக்கு வரும்போது, சுவருக்கு இணையாகவே போகும் பழைய ஆஃப்செட் பாதையில் அந்தக் கோணம் 127 டிகிரி வரை ஏறிவிடும். மூலைக்கு மூலை சத்தம் மாறுவதும், டூலின் முனை தெறிப்பதும் இதனால்தான். அந்த நாலு மூலைக்குப் பயந்து முழுப் பாதைக்கும் ஃபீடை (டூல் முன்னேறும் வேகத்தை) குறைத்து வைத்துக்கொண்டிருந்தோம். அடாப்டிவ், டைனமிக், ஐமெஷினிங் என்று ஆளுக்கொரு பெயரில் இப்போது கிடைக்கும் பாதைகள், இந்தக் கோணத்தை ஒரு வரம்புக்குள் வைத்துக்கொண்டே வளைந்து வளைந்து போகின்றன. அதனால் பக்கவாட்டில் குறைவாகவும் ஆழத்தில் அதிகமாகவும் வெட்டலாம். டூலின் அடி நுனி மட்டும் தேயாமல் வெட்டும் நீளம் முழுவதும் வேலை செய்யும்.

இங்கே பலர் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறார்கள். புதிய பாதையைப் போட்டுவிட்டுப் பழைய ஃபீடையே கொடுக்கிறார்கள். ஸ்டெப்ஓவர் டூல் விட்டத்தில் 10 சதவீதம் என்றால், சிப்பின் (வெட்டுப்பட்டு வரும் துண்டின்) அதிகபட்சத் தடிமன் ஒரு பல்லுக்கு நீங்கள் கொடுத்த ஃபீடில் 60 சதவீதம்தான் இருக்கும். பல்லுக்கு 0.06 மி.மீ. கொடுத்தால் சிப் 0.036 மி.மீ. தான். ரொம்ப மெல்லியதானால் டூல் வெட்டாமல் தேய்க்க ஆரம்பிக்கும், சூடாகும், சீக்கிரம் மழுங்கும். 0.06 தடிமனே வேண்டும் என்றால் பல்லுக்கு 0.1 மி.மீ. கொடுக்க வேண்டும். சில மென்பொருள்கள் இந்தத் திருத்தத்தைத் தாங்களே செய்கின்றன, சில செய்வதில்லை. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ஃபீடை ஏற்றினால் ஒரே திருத்தம் இரண்டு முறை விழும். அப்புறம் டூல் உடைந்ததற்குப் பாதையைக் குறை சொல்வார்கள்.

இந்தக் கணக்கு முழுவதும் ஸ்டாக் (வெட்ட வேண்டிய மெட்டீரியல்) எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. வார்ப்பு ஜாபுக்கு மாடலில் 3 மி.மீ. அலவன்ஸ் (வெட்டி எடுக்க விடும் கூடுதல் தடிமன்) வைத்திருக்கிறோம், கைக்கு வந்த வார்ப்பில் ஒரு பக்கம் 6 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். மென்பொருள் வெறும் காற்று என்று நினைக்கும் இடத்தில் மெட்டீரியல் நிற்கிறது. டூல் அங்கே வெட்டும் ஃபீடில்கூட வராது, நகர்த்தும் வேகத்தில் வந்து சொருகும். வார்ப்போ ஃபோர்ஜிங்கோ வந்தால், வந்த லாட்டில் நாலைந்தை எடுத்து அளந்து, இருப்பதிலேயே பெரியதை ஸ்டாக்காக வையுங்கள். காற்றில் சில விநாடி வீணாகும், போகட்டும்.

ஹோல்டரையும் மறந்துவிடக்கூடாது. ஆழமாக வெட்டும்போது பற்களின் திருகு வளைவு (ஹெலிக்ஸ்) டூலைக் கீழ்நோக்கி இழுக்கும். சாதாரண கோலட்டில் (டூலைச் சுற்றி இறுக்கும் வளையத்தில்) பிடித்திருந்தால் டூல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பாக்கெட்டின் தரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகப் போக ஆழமாகிக்கொண்டே இருந்தால், புரோகிராமைத் தேடுவதற்கு முன் டூல் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தை அளந்து பாருங்கள். இந்த வகை வெட்டுக்கு, ஷாங்க்கில் (டூலின் தண்டில்) தட்டையாக வெட்டிய இடத்தை ஸ்க்ரூ வைத்து இறுக்கும் வெல்டன் ஹோல்டர் போல, டூலை இழுபட விடாத பிடி வேண்டும்.

கடைசியாகப் பரப்பை வழவழப்பாக்கும் ஃபினிஷிங்கில், பக்கம் பெரிய ஆரத்தில் வளைந்த பேரல் கட்டர் நல்ல வரவு. நுனி உருண்டையான 10 மி.மீ. பால்நோஸில், பாஸ்களுக்கு நடுவே மிஞ்சும் மேடு 0.01 மி.மீ.க்குள் இருக்க ஸ்டெப்ஓவர் சுமார் 0.63 மி.மீ. தான் வைக்க முடியும். பக்கவாட்டு ஆரம் 85 மி.மீ. உள்ள பேரல் கட்டரில் அதே மேட்டுக்கு 2.6 மி.மீ. வைக்கலாம். சுவர்களில் பாஸ்களின் எண்ணிக்கை நாலில் ஒரு பங்காகிவிடும். ஆனால் டூலின் வடிவத்தைத் தயாரிப்பாளர் கொடுத்த டிராயிங்படி அப்படியே உள்ளிட வேண்டும், தோராயம் இங்கே எடுபடாது.

டர்னிங் பக்கம் வருவோம். லேத்துக்கு கேம் எதற்கு, கையிலேயே ஜி 71 (லேத்தின் ரஃபிங் கட்டளை) எழுதிவிடலாமே என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எளிய ஷாஃப்ட்டுக்கு அது சரி. ஆனால் இன்கோனல் போன்ற கடினமான உலோகத்தில் வட்ட இன்செர்ட்டை (கழற்றி மாற்றும் வெட்டு முனையை) வைத்து, சிப் தடிமனைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே வளைந்து வெட்டும் ட்ரோகாய்டல் டர்னிங் பாதைகளைக் கையால் எழுத முடியாது. இரண்டு திசையிலும் வெட்டும் பாதைகள், பி ஆக்சிஸை (டூலைச் சாய்க்கும் அச்சை) திருப்பிக்கொண்டே கான்டூர் எடுப்பது, இரண்டு டரட்டுகளை (டூல்கள் மாட்டிய சுழல் தலைகளை) ஒத்திசைப்பது, டர்னிங் முடிந்த ஸ்டாக்கை அப்படியே மில்லிங்குக்கு எடுத்துக்கொள்வது என்று இந்தப் பக்கம் வளர்ச்சி அதிகம். இன்செர்ட்டின் பின்பக்கக் கோணத்தையும் இப்போது மென்பொருள் பார்க்கிறது. அண்டர்கட்டில் (உள்வாங்கிய பள்ளத்தில்) நுழைய முடியாத இடத்தை வெட்டாமல் விட்டுவிட்டு, இவ்வளவு மீதி இருக்கிறது என்று காட்டும். ஆனால் லைப்ரரியில் 35 டிகிரி விஎன்எம்ஜி இன்செர்ட் என்று வைத்துவிட்டு டரட்டில் 55 டிகிரி டிஎன்எம்ஜி மாட்டினால், அந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை. இறங்கும் சரிவில் இன்செர்ட்டின் பின்பக்கம் ஜாபைத் தேய்க்கும்.

லேத்தில் நான் யாரிடமும் முதலில் கேட்பது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரம்பைப் பற்றி. வெட்டும் வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி 96 போட்டு நிமிடத்துக்கு 200 மீட்டர் என்று கொடுத்தால், 100 மி.மீ. விட்டத்தில் ஸ்பிண்டில் (ஜாபைச் சுழற்றும் தண்டு) சுமார் 637 ஆர்பிஎம்மில் சுற்றும். முகப்பை வெட்டும் ஃபேஸிங்கில் டூல் உள்ளே வந்து 10 மி.மீ. விட்டத்தைத் தொடும்போது அதே கணக்கில் 6,366 ஆகும். மையத்துக்குப் போகப் போக இன்னும் ஏறும். ஃபானுக் வகைக் கன்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கணினியில்) ஜி 50 எஸ் என்று ஒரு வரி மேல்வரம்பு வைக்கிறது, சிலவற்றில் அது ஜி 92. அந்த வரி போஸ்ட்டிலிருந்து (பாதையை மெஷினின் மொழிக்கு மாற்றும் போஸ்ட் பிராசசரிலிருந்து) வரவில்லை என்றால் மெஷினின் உச்ச வேகம்தான் வரம்பு. ஜாபைப் பிடிக்கும் உங்கள் சக்குக்கும் அதில் மாட்டியிருக்கும் ஜாவுக்கும் (பிடிக்கும் தாடைக்கும்) அந்த வேகம் தாங்குமா என்பது வேறு கேள்வி, ஏனென்றால் வேகம் கூடக் கூட மையவிலக்கு விசையால் ஜாவின் பிடி தளரும். சிமுலேஷனில் ஜாப் ஒருபோதும் சக்கிலிருந்து பறக்காது. ஒவ்வொரு டர்னிங் புரோகிராமிலும் இந்த வரி இருக்கிறதா, அதில் உள்ள எண் இந்த சக்குக்கு உரியதா என்று கண்ணால் பாருங்கள். இதில் ஆள் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

சரி, கிளாம்ப்பில் இடித்த கதைக்கு வருவோம். அமெரிக்காவின் எம்ஐடியில் 1952இல் எண் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினை இயக்கிக் காட்டினார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அங்கேயே ஏபிடி என்ற புரோகிராம் மொழி உருவானது. டூல் எந்தப் புள்ளிகள் வழியாகப் போக வேண்டும் என்பதைப் பொதுவாக முதலில் கணக்கிடுவது, பிறகு போஸ்ட் பிராசசர் அதைக் குறிப்பிட்ட மெஷினின் மொழிக்கு மாற்றுவது என்ற பிரிவு அந்தக் காலத்துடையது. இன்றைய கேம் மென்பொருள்களிலும் பெரும்பாலும் அதே அமைப்புதான். நீங்கள் திரையில் பார்க்கும் சாதாரண சிமுலேஷன், போஸ்ட்டுக்கு முந்தைய பாதையைக் காட்டுகிறது. மெஷின் ஓட்டுவது போஸ்ட்டுக்குப் பிந்தைய ஜி-கோடை (code). ஜி 54க்குப் பதில் ஜி 55 வந்தது (ஜாபின் தொடக்கப் புள்ளி மாறியது), டூல் 5க்கு எச் 6 விழுந்தது (வேறு டூலின் நீளம் எடுக்கப்பட்டது), டேபிள் சுழலும் முன் டூல் முழுவதும் மேலே போகாதது எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பவை. முந்தைய பாதையை நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும் இவை தெரியாது. மெஷினின் அச்சுகளும் எல்லைகளும் சேர்ந்த மாடலில், போஸ்ட் ஆகி வந்த கோடையே படித்து ஓட்டும் சரிபார்ப்பு இப்போது கிடைக்கிறது. ஐந்து அச்சு வேலையோ மில்-டர்னோ செய்பவர்கள் அதற்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அதிலும் ஒரு விஷயம் நழுவும். வெட்டாமல் முழு வேகத்தில் நகரச் சொல்லும் ஜி 00 (ராபிட்) கொடுத்தால் டூல் நேர்கோட்டில் போகும் என்று நினைக்கிறோம். பல கன்ட்ரோல்களில், அமைப்பைப் பொறுத்து, ஒவ்வொரு அச்சும் தன் தன் முழு வேகத்தில் கிளம்பி, தன் தூரம் முடிந்ததும் நின்றுவிடும். எக்ஸில் 300, ஒய்யில் 100 போக வேண்டும், இரண்டு அச்சுக்கும் ராபிட் வேகம் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டூல் முதலில் 45 டிகிரியில் போய் எக்ஸ் 100, ஒய் 100 என்ற புள்ளியை அடையும். ஒய் அங்கே நின்றுவிடும், மீதி 200 மி.மீ. எக்ஸ் மட்டும் ஓடும். திரை காட்டிய நேர்கோட்டில் எக்ஸ் 100 வரும்போது ஒய் 33 தான். அதாவது அந்த இடத்தில் நிஜப் பாதை 67 மி.மீ. தள்ளி இருக்கிறது. நடுவில் ஒரு கிளாம்ப் இருந்தால் போதும். முன்பெல்லாம் டூல் உயரத் தூக்கிவிட்டு நகர்ந்ததால் இது தொல்லை கொடுக்கவில்லை. இப்போது நேரம் மிச்சப்படுத்த, குறைந்தபட்ச உயரம் மட்டும் தூக்கும் அமைப்பை எல்லோரும் போடுகிறார்கள். உங்கள் கன்ட்ரோல் ராபிடை எப்படி ஓட்டுகிறது என்று காலியான டேபிளில், டூலை உயரத்தில் வைத்து, ராபிட் ஓவர்ரைடை (வேகத்தைச் சதவீதத்தில் மாற்றும் குமிழை) குறைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வளைந்து போனால், பல மென்பொருள்களில் ராபிடை வேகமான ஜி 01 (நேர்கோட்டு நகர்வு) ஆக எழுதச் சொல்லும் வசதி இருக்கிறது. தாழ்வாக நகரும் இடங்களில் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு வைத்து ஆப்பரேஷன் வரிசையையும் கட்டிங் அளவுகளையும் பரிந்துரைக்கும் வசதிகளும் வந்துவிட்டன. முதல் வரைவுக்கு நேரம் மிச்சம், நல்லதுதான். ஆனால் மெல்லிய சுவர் எவ்வளவு அதிரும், வைஸில் ஜாப் எவ்வளவு ஆழம் பிடிபட்டிருக்கிறது, இந்த ஸ்பிண்டில் பேரிங்கின் வயது என்ன என்பதெல்லாம் நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. பரிந்துரைத்த எண்ணை மெஷின் அருகில் நிற்பவரிடம் காட்டிப் பேசிவிட்டு ஓட்டுங்கள்.

கடைசியாக, புதிய பதிப்பை ஏற்றும் நாள். ஏற்கெனவே ஓடி நல்ல ஜாப் தந்த பழைய ஃபைலைப் புதிய பதிப்பில் திறந்து, கை பழக்கத்தில் எல்லாப் பாதைகளையும் மறுகணக்கீடு செய்துவிடுவார்கள். கணக்கிடும் முறை மாறியிருந்தால் நுழையும் இடம், இணைப்பு நகர்வு, தூக்கும் உயரம் ஏதாவது ஒன்று சத்தமில்லாமல் மாறியிருக்கும். பெயர் அதேதான், புரோகிராம் எண் அதேதான், ஆப்பரேட்டரும் பழகிய ஜாப் என்று ஓவர்ரைடை 100இல் வைத்து ஓட்டுவார். ஆகவே நிரூபணமான ஜாபுக்கு மெஷினில் ஓடிய கோடையே தனியே பத்திரப்படுத்துங்கள். மறுகணக்கீடு தேவைப்பட்டால் பழைய கோடையும் புதிய கோடையும் ஒப்பிட்டுக் காட்டும் கருவியில் போட்டு, மாறிய வரிகளைப் படியுங்கள். ஒரு சாதாரண மூன்று அச்சு ஜாபில் டூல் மாற்றம், முதல் நகர்வு, ஆஃப்செட் வரிகள், தூக்கும் உயரங்கள் ஆகியவற்றைப் பார்க்க அதிக நேரம் பிடிக்காது. ஏதாவது மாறியிருந்தால் அது புது புரோகிராம். எண்ணை மாற்றுங்கள், முதல் ஜாபை சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக நிறுத்தி), ராபிடைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். பழைய பதிப்பையும் பழைய போஸ்ட்டையும், புதியதில் ஓடும் ஜாபுகள் எல்லாம் நிரூபணமாகும் வரை, கணினியிலிருந்து நீக்க வேண்டாம்.