கம்பியைக் கழற்றியாச்சு, ரிட்டெய்னர் எங்கே?

போன டிசம்பரில் ஒரு தங்கச்சி கிளினிக்குக்கு வந்து, லேஞ்சியை மேசையில் வைத்து விரித்தார். உள்ளே அவருடைய ரிட்டெய்னர் (பல் கம்பியைக் கழற்றிய பிறகு, நேராக்கிய பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கப் போடுவது), அடுப்புக்குப் பக்கத்தில் மறந்து வைத்த பிளாஸ்டிக் மூடி மாதிரி வளைந்து கிடந்தது. "ஒண்ணுமே செய்யல மிஸ், கழுவினேன், அவ்வளவுதான்" என்றார். எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். நுவரெலியாவில் டிசம்பர் மாதம் விடியற்காலை பைப்பைத் திறந்து கையை நீட்டியவர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். கேத்தலிலிருந்து ஊற்றியிருக்கிறார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. சுடுதண்ணீர் படக்கூடாது என்று நான் சொல்லித்தான் அனுப்பினேன், ஆனால் கம்பி கழற்றுகிற அன்று, கண்ணாடியைக் கீழே வைக்காமல் தன் பல்லையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு நாம் சொல்வது எங்கே காதில் ஏறப்போகிறது? அதனால்தான் ஆறுதலாக வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

கூட வருகிற அம்மாமார் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பல்லு நேராயிருச்சே மிஸ், இனி எதுக்கு இது?" பல் நேராகிவிட்டது உண்மை, ஆனால் அது இன்னும் ஊன்றவில்லை. சரிவில் வேலிக்கால் நட்டவர்களுக்கு இது புரியும்: குழி தோண்டி கட்டையை நிமிர்த்தினால் வேலை முடியாது, மண் இறுகும்வரை முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே சாய்ந்துவிடும். பல்லைச் சுற்றியிருக்கிற எலும்பும், பல்லை எலும்போடு பிடித்து வைத்திருக்கிற நார்களும் புது இடத்துக்குப் பழக மூன்று நான்கு மாதம் எடுக்கும். முரசுக்குள் இருக்கிற நார்கள் இன்னும் மெதுவானவை, அவற்றில் ரப்பர் போல இழுபடுகிற ஒரு வகை இருக்கிறது, அது ஒரு வருடம் போன பிறகும் பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். திரும்பி நின்ற பல்லை நேராக்கியவர்களும், முன்பல் இடைவெளியை மூடியவர்களும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள்.

அப்போ எவ்வளவு காலம் போட வேண்டும்? பொதுவாக முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம், சாப்பாட்டுக்கும் பல் துலக்கவும் கழற்றுவது தவிர, முழுநேரமும். பிறகு இரவில் மட்டும். (உங்கள் வைத்தியர் முதல் நாளிலிருந்தே இரவு மட்டும் என்று சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள், உங்கள் வாயைப் பார்த்தவர் அவர்.) இரவுக்கு எப்போது முடிவு என்றால், பல் நேராக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிற காலம் வரைக்கும். வாழ்க்கையில் கம்பியே போடாதவர்களுக்கும் வயது போகப் போகக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்யும். ஞானப்பல் தள்ளித்தான் அப்படி ஆகிறது, அதைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள், அது நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை.

சரி, எதைத் தெரிவு செய்வது? மூன்று வகை இருக்கிறது. முதலாவது, அண்ணத்தை மூடுகிற அக்ரிலிக் பிளேட்டும் முன்பல்லுக்குக் குறுக்கே ஒரு கம்பியும் உள்ள ஹோலி ரிட்டெய்னர். சார்ள்ஸ் ஹோலி என்ற அமெரிக்க வைத்தியர் 1919இல் எழுதி வைத்தது, இன்னும் ஓடுகிறது. உறுதியானது, கம்பி தளர்ந்தால் முறுக்கிக் கொடுக்கலாம், உடைந்தாலும் பல வேளை திருத்திவிடலாம். சிரித்தால் கம்பி தெரியும், முதல் வாரம் "சீனி" என்று சொல்ல வராது. வீட்டில் பத்திரிகையைச் சத்தமாக வாசித்துப் பழகினால் நாக்கு வழிக்கு வந்துவிடும். இரண்டாவது, பல்லின் மேல் உறை போல உட்காரும் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக். வெளியே தெரியாது, எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் சூட்டில் வளையும், வெடிப்பு விட்டால் ஒட்ட முடியாது, புதிதுதான் செய்ய வேண்டும், தூக்கத்தில் பல்லை நறநறப்பவர்கள் சீக்கிரமே தேய்த்துத் துளை போட்டுவிடுவார்கள். மூன்றாவது, வழக்கமாகக் கீழ் முன்பற்கள் ஆறின் பின்பக்கத்தில் மெல்லிய முறுக்குக் கம்பியை ஒட்டி விடுவது. தொலையாது, மறக்காது, ஆனால் ஊத்தை பிடிக்கும். நாக்குக்குக் கீழே உமிழ்நீர் வந்து விழுகிற இடம் அதுதான், அதனால் காரை கட்டுவதும் அங்கேதான் அதிகம்.

வடிவத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி வேறு: கிளினிக்குக்கு வர உங்களுக்கு எத்தனை பஸ் ஏற வேண்டும்? மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், அடுத்த தவணையைத் தள்ளிப் போடத்தான் மனது சொல்லும். ஒட்டிய கம்பியில் உள்ள ஆபத்து, அது சத்தமில்லாமல் விடுவது. ஆறு பல்லில் ஒன்றில் மட்டும் பசை கழன்றால் கம்பி அப்படியே நிற்கும், வலியும் இருக்காது, அந்த ஒரு பல் மட்டும் மெதுவாக நடக்கத் தொடங்கும். ஆறு மாதம் கழித்து வந்தால் அது வரிசையை விட்டு வெளியே நிற்கும். ஆகவே தூரத்தில் இருப்பவர் அதைத் தெரிவு செய்தால், வாரம் ஒரு தடவை ஒவ்வொரு பல்லின் பின்னாலும் நகத்தை வைத்துக் கம்பியை மெல்லத் தட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் வராது என்று தெரிந்த பையன்களுக்கு நான் ஹோலி பிளேட்டைத்தான் கொடுப்பேன், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மேலே கழற்றுகிறது, கீழே ஒட்டுகிறது என்று இரண்டையும் கலந்து போடுவதும் நல்ல வழிதான்.

பராமரிப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர், மிருதுவான பிரஷ், ஒரு சொட்டு கைகழுவும் சவர்க்காரம். கண்ணாடி உறையைப் பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள், அதில் இருக்கிற துகள்கள் கீறல் போடும், கீறலில் நாற்றம் குடியேறும். வெள்ளையாகக் காரை படிந்தால் பொய்ப்பல் கழுவ விற்கிற மாத்திரையைத் தண்ணீரில் போட்டு ஊற வைக்கலாம். பீலியில் பல் துலக்குகிறவர்கள் தயவுசெய்து ரிட்டெய்னரைக் கல்லின் மேல் வைக்காதீர்கள், கானோடு போனதைத் தேடி இரண்டு வீட்டார் கீழே இறங்கிய கதை எனக்குத் தெரியும். ஒட்டிய கம்பிக்குக் கீழே சின்ன இடைப்பல் பிரஷ்ஷை இரவில் ஒரு தடவை விட்டு எடுங்கள். கரும்பையும் கல் மாதிரிக் கொய்யாக்காயையும் முன்பல்லால் கடிக்காமல் வெட்டிச் சாப்பிடுங்கள்.

இனி தேத்தண்ணி. நம்ம ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. உறையைப் போட்டுக்கொண்டே பிளேன்டீ குடித்தால் மூன்று காரியம் நடக்கும்: சூட்டில் பிளாஸ்டிக் நெளியும், சாயம் ஏறிப் பழுப்பாகும், சீனி உறைக்குள் சிறைப்பட்டுப் பல்லோடு ஒட்டிக் கிடக்கும். மூன்றாவதுதான் மோசமானது. பல் மூடப்படாமல் இருந்தால் உமிழ்நீர் கொஞ்சமாவது கழுவிவிடும், உறைக்குள் அதற்கு வழியில்லை, நேராக்கிய பல்லிலேயே சொத்தை விழும். கழற்றுங்கள், குடியுங்கள், வாயைக் கொப்பளியுங்கள், போடுங்கள்.

கழற்றினால் டப்பாவுக்குள், வேறெங்கும் இல்லை. தொலைந்து போகிறவற்றில் பாதி, கோச்சியில் ரொட்டி சாப்பிடும்போது கடதாசியில் சுற்றி, கடதாசியோடு ஜன்னலுக்கு வெளியே போனவை என்று எனக்குச் சந்தேகம். மீதியை நாய் தின்றுவிடுகிறது. சிரிக்காதீர்கள், எச்சில் வாசனைக்கு நாய்கள் உண்மையாகவே அதைத் தேடி வரும்.

சில இரவுகள் மறந்து, மறுபடி போடும்போது இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம். முழுதாக உட்கார்ந்தால் சில நாள் பகலிலும் போட்டால் சரியாகிவிடும். உட்காரவே இல்லை என்றால் கடித்து அமுக்காதீர்கள், அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். போனில் விளம்பரம் பார்த்து, சுடுதண்ணீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கிற உறையை வாங்கி அந்த இடத்தை நிரப்பவும் வேண்டாம், அது உங்கள் பல் இருக்கிற இடத்தைப் பிடிக்குமே தவிர, இருக்க வேண்டிய இடத்தை அல்ல. வேறு இடத்தில் பல் அடைக்கப் போனால் ரிட்டெய்னரையும் கையோடு கொண்டுபோங்கள், அடைத்த பிறகு அது உட்காருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

கம்பி கழற்றிய அன்று எடுத்த பல் அச்சை வைத்தியரிடம் கேட்டு வாங்கி, அலுமாரியில் உடையாமல் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் அன்றைக்கே போன் பண்ணுங்கள். பல் அசைவதற்குள் வந்தால் அந்த அச்சின் மேலேயே புது உறை செய்து தந்துவிடலாம். கொழும்பில் வேலைக்குப் போன ஒரு பிள்ளை வெட்கப்பட்டு தீபாவளி லீவு வரை காத்திருந்து வந்தார், அதற்குள் இரண்டு பல் திரும்பிவிட்டது. நாங்கள் மறுபடி கம்பியிலிருந்து தொடங்கினோம்.