பிறழ்சாட்சி

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் பொழுது சாய்ந்தால் தமிழ்நாட்டுச் செய்திதான். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெரியம்மா இடுப்புப் படங்கை அவிழ்த்தபடியே திரையைப் பார்த்துக் கேட்டார்: "பிறழ்சாட்சின்னா என்னா தம்பி? பொய்ச்சாட்சிதானே?"

இல்லை. படித்தவர்கள்கூட இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது எனக்கு நெடுநாள் மனக்குறை.

'சாட்சி' வடமொழியிலிருந்து வந்தது. 'அக்ஷி' என்றால் கண். கண்ணோடு இருந்தவர், அதாவது நேரில் பார்த்தவர் சாட்சி. இந்தியாவின் புதிய சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் பெயரிலும் இதே வேர்தான் இருக்கிறது. பழந்தமிழில் இதற்குக் 'கரி' என்று பெயர். 'இந்திரனே சாலுங் கரி' என்பது குறள். புகார் நகரின் நாற்சந்தியான பூதசதுக்கத்தில் இருந்த பூதம் பிடித்துத் தண்டிப்பவர்களின் வரிசையில் 'பொய்க்கரியாளர்' என்று சிலப்பதிகாரம் சொல்கிறதே, அதுதான் பெரியம்மா கேட்ட பொய்ச்சாட்சி.

'பிறழ்' வேறு. தண்ணீரில் கயல் புரள்வதையும் பிறழ்தல் என்போம், சொன்ன சொல்லிலிருந்து நழுவுவதையும் பிறழ்தல் என்போம். எந்தச் சொல்லிலிருந்து நழுவுவது என்பதை அறிய, இந்திய நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சாட்சியம் பதிவாகும் முறையைப் பார்க்க வேண்டும்.

புலனாய்வின்போது பொலிசார் சாட்சியை விசாரித்து வாக்குமூலம் எழுதுவார்கள். அதில் சாட்சியின் கையொப்பம் வாங்கக் கூடாது என்பது சட்டம். கொலை போன்ற கடுங்குற்றங்களை விசாரிக்கும் செசன்ஸ் நீதிமன்ற வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாவிட்டால், சாட்சி விசாரணைக்கு நாள் குறிக்கப்படும். அந்த நாளில் அரசு வழக்கறிஞர் தம் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவார். சத்தியம் செய்த பிறகு நடப்பது முதல் விசாரணை. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து, "இவர்தானே கத்தியால் வெட்டினார்?" என்று அவர் கேட்கக் கூடாது. "என்ன பார்த்தீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். அடுத்து எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை. அதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. தேவைப்பட்டால் விளக்கத்துக்காக மறுவிசாரணை. தீர்ப்பில் இந்த அரசுத் தரப்புச் சாட்சிகள் சுருக்கமாக அ.சா.1, அ.சா.2 என்று எண்ணாகிவிடுவார்கள்.

பொலிசில் சொன்னதிலிருந்து நழுவி, முதல் விசாரணையிலேயே சாட்சி, "நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்றால்? அவர்தான் பிறழ்சாட்சி. அழைத்த வழக்கறிஞரே அவரைக் குறுக்கு விசாரணை செய்ய நீதிபதியிடம் அனுமதி கேட்பார். இந்தியாவின் பழைய 1872ஆம் ஆண்டு சான்றுச் சட்டத்தில் இது பிரிவு 154ஆக இருந்தது. புதிய சட்டத்தில் 157. நம் இலங்கையின் 1895ஆம் ஆண்டு சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் இது 154தான், ஏனென்றால் அது இந்தியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், பிறழ்சாட்சி என்ற பெயர் அந்தப் பிரிவில் இல்லவே இல்லை. ஆங்கில நீதிமன்ற வழக்காற்றிலிருந்து வந்த 'ஹொஸ்டைல் விட்னஸ்' என்பதற்குத் தமிழர் வைத்த பெயர் அது.

ஆங்கிலச் சொல்லில் பகை என்ற பொருள் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் பகை இல்லை, நிலைமாற்றம் மட்டும்தான். தமிழே நியாயமான சொல் என்பேன். மாறியவர் மிரட்டப்பட்டிருக்கலாம், காசு வாங்கியிருக்கலாம், இன்றைக்குத்தான் உண்மை பேசவும் செய்யலாம். அதனால்தான் பிறழ்ந்தார் என்பதற்காக அவர் சாட்சியம் முழுவதையும் தள்ளிவிடக் கூடாது, நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

தனித்தமிழில் வேண்டுமென்றால் 'பிறழ்சான்றாளர்' எனலாம். 'பிறழ்கரி' வேண்டாம். அடுப்புக்கரி என்று நினைத்துவிடுவார்கள். பேச்சிலும் எழுத்திலும் நான் பிறழ்சாட்சி என்றே வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் பெரியம்மாவுக்குச் சொன்னேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"பொலிசுல எழுதுனதே பெசகா இருந்து, அந்தாளு கோட்டுல வந்து உண்மையச் சொன்னா?"

"அப்பவும் பிறழ்சாட்சிதான், பெரியம்மா."