கண்ணாடிக்கு ஒரு லென்ஸ் போதும், கேமராவுக்கு ஏன் போதவில்லை?

ப்ளஸ் 2 பவருள்ள படிக்கும் கண்ணாடி வீட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருந்து அரை மீட்டர் தள்ளி அதைப் பிடியுங்கள். லேசாக முன்னும் பின்னும் நகர்த்தினால் வெளியே நிற்கும் மரம் சுவரில் தலைகீழாக, சின்னதாக, முழு நிறத்தோடு வந்து விழும். மரம் தெளிவாக இருக்கும்போது ஜன்னல் கம்பி கலங்கலாக இருக்கும். கண்ணாடியைச் சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் விலக்கினால் கம்பி தெளிந்து மரம் கலங்கும். கேமராவில் ஃபோகஸ் செய்வது என்பதும் இதேதான்.

ஏன் அரை மீட்டர்? தொலைவிலிருந்து வரும் ஒளி லென்ஸைத் தாண்டி எவ்வளவு தூரத்தில் குவிகிறதோ, அதுதான் குவியத் தூரம். 1ஐ மீட்டரில் சொன்ன குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பவர், அதாவது டையாப்டர். ப்ளஸ் 2 என்றால் அரை மீட்டர். அதே கணக்கில் கேமராவின் 50 மி.மீ. லென்ஸ் ப்ளஸ் 20. நம் கண்ணே சுமார் ப்ளஸ் 60. கிட்டப்பார்வைக்காரர்களின் மைனஸ் கண்ணாடியை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் எவ்வளவு நகர்த்தினாலும் பிம்பம் விழாது, ஏனென்றால் அது ஒளியைக் குவிக்காமல் விரிக்கிறது. விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும் ஒளியை அப்படி விரித்துத்தான் பின்னால் தள்ளிவிடுகிறது.

சரி, ப்ளஸ் 20 பவரில் ஒரே ஒரு கண்ணாடித் துண்டைக் கேமராவில் மாட்டினால் என்ன? படம் வரும், ஆனால் மோசமாக வரும். லென்ஸின் ஓரத்தில் நுழையும் ஒளி, நடுவில் நுழையும் ஒளியைவிட முன்னதாகவே குவிந்துவிடும். நீலம் சிவப்பைவிட அதிகமாக வளைவதால் பொருள்களின் விளிம்பில் நிறக் கோடு தெரியும். இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து ஒன்றின் நிறப்பிழையை மற்றொன்றால் அடக்கும் லென்ஸுக்கு 1758இல் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றார். கேமரா லென்ஸுக்குள் இந்த வித்தை அடுக்கடுக்காக நடக்கிறது. சாதாரண 50 மி.மீ. லென்ஸிலேயே ஆறேழு துண்டுகள் இருக்கும்.

துண்டுகள் கூடினால் வேறொரு தொல்லை. பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். தனித்தனியாக நிற்கும் ஏழு துண்டுகளுக்கு 14 பரப்புகள். கணக்குப் போட்டால் 44 சதவீதம் போயே போய்விடும். லென்ஸைச் சாய்த்தால் தெரியும் ஊதா, பச்சை மினுக்கம் இதைத் தடுக்கும் கோட்டிங்கால் வருவது. மூக்குக்கண்ணாடியிலும் அதே கோட்டிங்தான்.

அப்படியானால் மூக்குக்கண்ணாடி மட்டும் எப்படி ஒற்றை லென்ஸோடு தப்பிக்கிறது? பவர் குறைவு என்பது ஒரு காரணம். எனக்கு மிகவும் பிடித்த காரணம் இன்னொன்று. 50 மி.மீ. லென்ஸை எஃப்/2இல், அதாவது குவியத் தூரத்தில் பாதி அகலத்துக்கு, திறந்தால் ஒளி நுழையும் வாசல் 25 மி.மீ. அகலம். பகலில் நம் கண்மணியின் வாசலோ மூன்று மி.மீ. அளவில்தான் இருக்கும். லென்ஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கும் நொடியில் கண்ணுக்குப் பயன்படுவது ஒரு பயறு அளவுள்ள இடம்தான். அந்தச் சின்ன இடத்துக்குள் ஓரத்துக்கும் நடுவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ப்ரோக்ரெசிவ் லென்ஸ் சாத்தியமானதே இதனால்தான். மேலே தூரத்துக்கு ஒரு பவர், கீழே போகப் போக ப்ளஸ் கூடிக்கொண்டே வந்து, அடியில் வெள்ளெழுத்துக்கான பவர். ஒரு துண்டில் பல பவர்கள் இருந்தும் கண் குழம்புவதில்லை. எந்த நொடியிலும் அதில் ஒரு சிறு பகுதி வழியாக மட்டும் பார்க்கிறோம். அதே லென்ஸை அகலத் திறந்த கேமராவின் முன் வைத்தால், ஒரே புள்ளியிலிருந்து வரும் ஒளி பல பவர்கள் வழியே புகுந்து படம் கலங்கிவிடும்.

பவர் இப்படி மாறுவதற்கு ஒரு விலை உண்டு. லென்ஸின் இரு பக்கமும் கீழ்ப்பகுதியில் கலங்கல் தவிர்க்க முடியாமல் வந்து சேரும். புதிதாகப் போடுபவர்கள் பக்கவாட்டில் கண்ணை மட்டும் ஓட்டாமல் முகத்தையே திருப்பிப் பார்க்க வேண்டும். படி இறங்கும்போது தாடையை மார்போடு தாழ்த்துங்கள், அப்போது படிக்கட்டு லென்ஸின் மேல்பகுதி வழியே தெரியும்.