முதல் மாதம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்

எங்கள் மனநலக் கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டு போகும் தாயின் கையில் ஒரு சின்னக் கடதாசிப் பை இருக்கும். அதன் மேல் "காலை 1" என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். குளிசையோடு கம்பனி வைத்து அனுப்பும் விபரத்தாள் அந்தத் தாயிடம் போய்ச் சேருவதில்லை. சேர்ந்தாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மனச்சோர்வுக்கான குளிசைகளின் விபரத்தாளில், பிள்ளைகள், இளைஞர்கள் பற்றிய ஓர் எச்சரிக்கையைக் கறுப்புக் கட்டம் போட்டு அச்சிட வேண்டும் என்று 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. வன்னியில் இந்தக் குளிசைகளை எழுதிக் கொடுக்கிற ஒரு வைத்தியராக, அந்தக் கட்டத்துக்குள் உள்ளதைப் பெற்றோருக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையாக இருந்தவை 24 ஆய்வுகள். அவற்றில் 4,400க்கும் அதிகமான சிறுவர்களும் பதின்ம வயதினரும் இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் மாவுக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 2 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தது. மருந்து எடுத்தவர்களில் 100க்கு 4 பேருக்கு வந்தது. அந்த ஆய்வுகளில் ஒருவரும் இறக்கவில்லை. 2007இல் இந்த எச்சரிக்கை 24 வயது வரையான இளைஞர்களுக்கும் நீட்டப்பட்டது. 2003இன் இறுதியில் பிரித்தானியாவும் இந்தக் கேள்வியை ஆராய்ந்தது. மனச்சோர்வுக்கான புதிய வகைக் குளிசைகளில், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் மனச்சோர்வுக்கு நன்மை தீமையை விட அதிகம் என்று சொல்லக்கூடியது ஃபுளுஒக்செட்டின் மட்டுமே என்ற முடிவுக்கு அது வந்தது.

இதை வாசித்துவிட்டு இன்றிரவே குளிசையை நிறுத்திவிட வேண்டாம். 100இல் 96 பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. கவனிக்காமல் விடப்பட்ட கடும் மனச்சோர்வே உயிரைக் கொண்டுபோகக் கூடியது. அந்த 4 பேரில் ஒருவர் உங்கள் பிள்ளையா என்பதை முதல் நாட்களிலேயே கண்டுபிடிக்க வேண்டும். கிளினிக்கில் நான் பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடம். மிச்ச நேரமெல்லாம் பார்ப்பது நீங்கள்.

பனடோல் போட்டால் காய்ச்சல் அன்றே இறங்கும். இந்தக் குளிசை அப்படி வேலை செய்யாது. மனம் தெளியத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். சிலருக்கு மனம் தெளியும் முன்பே உடம்பில் ஓர் உசார் வந்துவிடுகிறது. படுக்கையை விட்டு எழும்பவே தெம்பில்லாமல் கிடந்த பிள்ளைக்கு நடமாடத் தெம்பு வரும், உள்ளே இருட்டு அப்படியே இருக்கும். அந்த இடைவெளிதான் ஆபத்தானது என்று பல வைத்தியர்கள் கருதுகிறார்கள், நானும்தான். குளிசையின் அளவைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

இன்னொன்றும் நடக்கலாம். இதைத்தான் வீட்டார் அதிகம் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். "அவன் ஒரு இடத்தில இருக்கிறானில்லை டொக்டர், முத்தத்துக்கும் படலைக்குமா நடந்துகொண்டே இருக்கிறான்" என்று ஒரு தாய் சொல்லுவார். பிள்ளையைக் கேட்டால், "உள்ளுக்கு ஏதோ அரிக்குது, தோலுக்குள்ளயே இருக்க ஏலாமக் கிடக்கு" என்பான். கால் ஆடிக்கொண்டே இருக்கும். நித்திரை போய்விடும். சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுவான். வீட்டார் இதைப் பிடிவாதம் என்பார்கள், சோதனைப் பயம் என்பார்கள், சிலர் நூல் கட்டக் கூட்டிப் போவார்கள். இது மருந்தால் வருகிற அமைதியின்மை. தாங்க முடியாத வேதனை அது. அந்த வேதனையிலிருந்து தப்பவே சாகலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. அளவைக் குறைத்தால் அல்லது மருந்தை மாற்றினால் இது பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் கிளினிக் கொப்பியில் எழுதிய திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. அடுத்த நாளே வாருங்கள்.

திடீரென்று அளவுக்கு மீறிய சந்தோசம், இரவிரவாக நித்திரை இல்லாமலும் களைப்பில்லாமை, பெரிய பெரிய திட்டங்கள், கட்டுக்கடங்காத செலவு என்று பிள்ளை மாறினாலும் சொல்ல வேண்டும். குணமாகிவிட்டது என்று மகிழ்ந்து இருந்துவிடக் கூடாது. இப்படி அளவு மீறிய உசாரும் சோர்வும் மாறி மாறி வருகிற இருதுருவ நோய் உள்ள பிள்ளைகளுக்கு இந்த மருந்து அதைக் கிளப்பிவிடக் கூடும். குடும்பத்தில் யாருக்கும் அந்த வருத்தம் இருந்திருந்தால், வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிள்ளை சிரித்துப் பேசத் தொடங்கியதும் "இனி ஏன் குளிசை" என்று தாங்களாகவே நிறுத்துவதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. பஸ் தவறி, அல்லது வயல் வேலையில் கிளினிக் தவறி, மருந்து முடிந்துபோவதும் உண்டு. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற உணர்வு, அழுகை, எரிச்சல் எல்லாம் வரலாம். பரொக்செட்டின், வென்லாபக்சின் போன்றவற்றில் இது கூடுதல். ஃபுளுஒக்செட்டின் உடம்பில் நாட்கணக்கில் நிற்பதால் குறைவு. நிறுத்துவதென்றால் வைத்தியரோடு பேசி, படிப்படியாகத்தான்.

வன்னிக்கே உரிய ஒரு கவலையும் எனக்கு இருக்கிறது. உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் இங்கே நிறையப் பேர். அந்த நரம்பு நோவுக்கும், நீரிழிவுக்காரரின் கால் எரிவுக்கும் அமிட்ரிப்டிலின் கொடுக்கப்படுவதுண்டு. வீட்டில் அதை நித்திரைக் குளிசை என்பார்கள். அதுவும் மனச்சோர்வு மருந்துதான், பழைய வகை. சிறுவர்களின் மனச்சோர்வுக்கு அது பலன் தருவதில்லை. அளவு மிஞ்சினால் இதயத்தைத் தாக்கும். ஆனால் அம்மம்மாவின் குளிசை அலுமாரித் தட்டில் பிஸ்கட் ரின்னுக்குள் திறந்தபடி இருக்கும். "பிள்ளைக்கு நித்திரை வருதில்லை" என்று அதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நோவுக்கு டிரமடோல் எடுப்பவர் மனச்சோர்வுக் குளிசையும் தொடங்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளலாம். எல்லாக் குளிசையையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிள்ளையின் மருந்தை ஒரு பெரியவர் பூட்டி வைத்து, நாளுக்கு நாள் எடுத்துக் கொடுப்பது நல்லது. தூரத்தைப் பார்த்து இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கேட்காதீர்கள், தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்குப் போதும். வயலுக்கு அடிக்கும் மருந்துக்கும் ஒரு பூட்டு வேண்டும். 1995இல் இலங்கையில் தற்கொலை 100,000 பேருக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. பிறகு அது பெருமளவு குறைந்ததற்கு மிகக் கொடிய பூச்சிநாசினிகளைத் தடை செய்தது முக்கிய காரணம். கைக்கு எட்டாமல் வைப்பது உயிர் காக்கிறது என்பதற்கு இதை விடச் சாட்சி தேவையில்லை.

எல்லாக் கவலைக்கும் குளிசை தேவை என்றும் நான் நினைக்கவில்லை. 2009இல் போர் முடிந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். வீட்டில் காணாமல் போன ஒருவரின் படம், நுண்கடன், குடி, சோதனை முடிவு. இவற்றின் நடுவே வாடும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது இருந்து கேட்கிற ஒருவர். மிதமான சோர்வுக்கு உளவளத்துணையே முதல் வழி. கடுமையாக இருந்தால் மருந்தும் அதோடு சேர வேண்டும்.

"சாக வேணும் எண்ட எண்ணம் ஏதும் வருதோ, பிள்ளை?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டதும் அழுது, எல்லாவற்றையும் சொல்லிவிடும் பிள்ளைகளைத்தான் நான் கண்டிருக்கிறேன். பொலிஸுக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல. "ஓம்" என்று பதில் வந்தால் அன்றிரவு யாராவது பக்கத்திலேயே படுங்கள், விடிந்ததும் வைத்தியசாலைக்குக் கூட்டி வாருங்கள். இரவிலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துத் தமிழில் பேசலாம். எதையாவது குடித்துவிட்டால், விழுங்கிவிட்டால், ஒரு நிமிடமும் பொறுக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வரும்போது வீட்டிலுள்ள குளிசைப் பைகள் எல்லாவற்றையும், வெறும் பைகளையும் கூட, எடுத்து வாருங்கள்.