மாதவிடாய் வலி மூளை ஸ்கேனில் தெரியுமா?

"மாதவிடாய் வலி என்றால் நடிப்பு என்கிறார்கள், மூளையை ஸ்கேன் எடுத்து நிரூபிக்க முடியாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் மனதில் இருப்பது எஃப்எம்ஆர்ஐ. சாதாரண எம்ஆர்ஐ மூளையின் அமைப்பைக் காட்டும், இது மூளை வேலை செய்வதைக் காட்டும் என்பார்கள். பாதிதான் சரி, ஏனென்றால் இந்தக் கருவி பார்ப்பது நியூரான்கள் எனும் நரம்பு செல்களை அல்ல, ரத்தத்தை.

ஹீமோகுளோபினில் இரும்பு இருப்பது பள்ளியில் படித்ததுதான். ஆக்சிஜனைச் சுமக்கும்போது காந்தம் அதை லேசாக விலக்கும், இறக்கிவிட்டால் ஈர்க்கும். வேதியியலாளர்கள் பாலிங்கும் கொரியலும் 1936லேயே கண்டுபிடித்த சங்கதி. ஆக்சிஜன் இழந்த ரத்தம் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும், அங்கே எம்ஆர்ஐ கருவிக்குக் கிடைக்கும் சிக்னல் மங்கும். 1990ல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா இதைப் படமாகவே காட்டினார்.

சரி, மூளையின் ஒரு பகுதி மும்முரமானால் ஆக்சிஜன் செலவாகும், அப்போது சிக்னல் மங்கத்தானே வேண்டும்? கூடுகிறது! வருகிறவர்களை எண்ணாமல் விருந்து சமைப்பது போல, செலவானதைவிட ரொம்ப அதிகமாகவே ரத்தம் பாய்ந்து ஆக்சிஜன் இழந்த ரத்தத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதுவும் உடனே அல்ல, உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடி ஆகும். உடலின் இந்தத் தாராளம் இல்லையென்றால் இந்தத் துறையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். மாதவிடாய் சுழற்சியில் ஏறி இறங்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தக் குழாய்களையும் விரிக்கும். அதனால் சுழற்சியின் வெவ்வேறு நாட்களில் சிக்னல் மாறினால், மாறியது நியூரானா குழாயா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஹார்மோன் ஏறி இறங்குவது தொல்லை என்று பெண்களை ஆய்விலிருந்தே ஒதுக்கி வைத்த காலமும் உண்டு, எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது. 2020ல் வெளியான ஒரு ஆய்வில் ஒரே பெண்ணை 30 நாள் தொடர்ந்து ஸ்கேன் செய்து, தினமும் ரத்தத்தில் ஹார்மோனையும் அளந்தார்கள். ஈஸ்ட்ரோஜனுடன் சேர்ந்து மூளைப் பகுதிகளின் இணைப்பும் மாறியது. இப்படிப்பட்ட பொறுமையான வேலைக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகியின் கேள்விக்கு வருகிறேன். கடும் மாதவிடாய் வலி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் குழுவாக ஒப்பிட்டால், வலியோடு தொடர்புள்ள பகுதிகளில் வேறுபாடு தெரிகிறது. ஆனால் அது சராசரி. உங்கள் ஒருவர் படத்தை மட்டும் வைத்து வலி இருக்கிறது, இல்லை என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. படம் 'சும்மா' இருந்தால் வலி பொய் என்றும் ஆகாது. மருத்துவத்தில் இன்றும் வலிக்கு முதல் அளவுகோல் நீங்கள் சொல்வதுதான். தாங்க முடியாமல் வலித்தால் தேட வேண்டிய இடம் இடுப்பு: மகளிர் மருத்துவரிடம் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) பற்றிக் கேளுங்கள், அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அது இருக்கலாம்.