அம்மீட்டர் முள் ஆடினால் ரோட்டரைப் பாருங்கள்

மோட்டார் பராமரிப்பு என்றால் நம்மில் பலர் பார்ப்பது இரண்டே இடம். பேரிங்குக்குக் கிரீஸ், வைண்டிங்குக்கு மெகர் என்ற இன்சுலேஷன் சோதனை. நடுவில் சுற்றும் ரோட்டரை, மோட்டாரைக் கழற்றும் நாள் வரை யாரும் நினைப்பதில்லை.

ஒரு ஆலையில் பெரிய ஃபேனை ஓட்டும் மோட்டார். ஸ்டார்ட் ஆகி முழு வேகம் பிடிக்க முன்பைவிட நேரம் எடுத்தது. ஓடும்போது பேனலில் அம்மீட்டர் முள் ஒரே தாளத்தில் ஆடியது. மெகர் அளவு சரி, மூன்று ஃபேஸ் ரெசிஸ்டன்ஸும் சமம். "லோடு அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். சில வாரங்களில் வைண்டிங் எரிந்தது. கழற்றினால், உடைந்த ரோட்டர் பார் (ரோட்டரில் பதிந்த உலோகக் கம்பி) ஒன்று காடியிலிருந்து மேலெழும்பி வைண்டிங்கைக் கிழித்திருந்தது. ரீவைண்டிங் முடித்து அதே ரோட்டரைத் திரும்பப் போட இருந்தார்கள். நல்லவேளை, அதற்குள் பார்த்துவிட்டோம்.

அந்த முள்ளின் ஆட்டம்தான் செய்தி. அணில் கூண்டு ரோட்டரில் பார்களும் அவற்றை இரண்டு பக்கமும் இணைக்கும் எண்ட் ரிங்கும் சேர்ந்தே மின்சாரத்துக்குப் பாதை. ஸ்டார்ட் ஆகும்போது முழு லோடு மின்னோட்டத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு பாய்கிறது. பார் சூடாகி நீள்கிறது. கனமான ஃபேனை அடிக்கடி நிறுத்தி ஓட்டினால், பாரும் ரிங்கும் சேரும் இடத்தில் விரிசல் விடும். ஒரு பார் விட்டால் அதன் சுமை பக்கத்துப் பார்களுக்குப் போகும். அப்புறம் அவையும் விடும்.

பார் உடைந்த ரோட்டரின் காந்தப்புலம் சமன் இழக்கிறது. அதனால் ஸ்டேட்டர் (சுற்றாத வெளிப்பகுதி) மின்னோட்டத்தை அதிர்வெண் வாரியாக வரைந்தால், சப்ளை அதிர்வெண்ணின் பெரிய முனைக்கு இருபுறமும், ஸ்லிப்பின் (காந்தப்புலத்தின் வேகத்தைவிட ரோட்டர் பின்தங்கும் அளவு) இருமடங்கு தள்ளி, இரண்டு சின்ன முனைகள் எழும். சைடுபேண்ட் என்கிறோம். 50 ஹெர்ட்ஸ், நான்கு போல் மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று. ரோட்டர் 1470 வேகத்தில் ஓடினால் ஸ்லிப் 2 சதவீதம், அதாவது 1 ஹெர்ட்ஸ். 48, 52 ஹெர்ட்ஸில் தேட வேண்டும். அம்மீட்டரில் அது நொடிக்கு இரண்டு ஆட்டம். ஆனால் முள் கண்ணுக்குத் தெரிய ஆடும் அளவுக்கு வந்துவிட்டால், பெரும்பாலும் சேதம் முற்றியிருக்கும். அலசிப் பார்க்கும் கருவி அதற்கு வெகு முன்பே காட்டும்.

எவ்வளவு சின்ன முனை என்று கேட்டால், 100 ஆம்பியர் ஓடும் மோட்டாரில் பெரிய முனையைவிட 60 டெசிபல் கீழே என்பது 0.1 ஆம்பியர். அந்த மட்டத்தில் இருந்தால் கவலை இல்லை. 40 டெசிபல் கீழே என்றால் 1 ஆம்பியர். அந்த ரோட்டரை நான் திறந்து பார்க்கச் சொல்வேன். இடைப்பட்டதை ஒரே அளவீட்டில் தீர்மானிக்காதீர்கள். முந்தைய பதிவோடு ஒப்பிடுங்கள், அது கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி.

தப்பு அதிகம் நடப்பது லோடு விஷயத்தில். சும்மா ஓடும் மோட்டாரில் அளந்து "ரோட்டர் நல்லா இருக்கு" என்று ரிப்போர்ட் தருவதைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். 1498 வேகத்தில் சைடுபேண்ட் வெறும் 0.13 ஹெர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கும். பெரிய முனையின் அடியில் மறைந்துபோகும். ரோட்டரில் மின்னோட்டமே அப்போது மிகக் குறைவு. பாதி லோடாவது வேண்டும், அதற்கு மேல் இருந்தால் நல்லது. லோடு ஆடாமல் ஒரு நிமிடமாவது பதிவு செய்யுங்கள், அப்போதுதான் பக்கத்துப் பக்கத்து முனைகள் பிரிந்து தெரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பிஸ்டன் கம்ப்ரஸர், மெதுவாகச் சுற்றும் மில் போன்ற லோடுகளே இதே மாதிரி முனைகளை எழுப்பும். நல்ல ரோட்டரை வீணாகக் கழற்ற வேண்டாம். முடிந்தால் இரண்டு வேறு லோடுகளில் அளங்கள். ஸ்லிப் மாறும்போது முனையும் அதோடு நகர்ந்தால் சந்தேகம் ரோட்டர்மேல். நகராமல் நின்றால் கியரையும் லோடையும் பாருங்கள். டிரைவில் (அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை மாற்றும் கருவி) ஓடும் மோட்டார் என்றால் அதிர்வெண்ணே நிலையாக இருக்காது, இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது.

அளப்பதற்கு மோட்டாரை நிறுத்த வேண்டியதில்லை. பேனலில் சி.டி. (பெரிய மின்னோட்டத்தை அளக்க ஏற்றபடி குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரி வயரில் கிளாம்ப் மாட்டினால் போதும். அந்த வயரைக் கழற்றி இடையில் மீட்டர் போட மட்டும் யாரும் முயலாதீர்கள். லோடு ஓடும்போது சி.டி. செகண்டரி திறந்தால் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் எழும். புதிய மோட்டார் வந்து லோடு ஏறிய முதல் வாரமே ஒரு பதிவு எடுத்து, தேதி, ஆம்பியர், டேக்கோமீட்டரில் பார்த்த வேகம் மூன்றையும் அதோடு எழுதி வையுங்கள்.