ரெய்டு வேண்டாமென்றால் கார்டை ஒதுங்கச் சொல்லுங்கள்

மறுபடியும் அதேதான். சர்வரில் இருந்து கழற்றிய 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று மேசைக்கு வந்தது. எழுதும்போது பிழை வருகிறதாம். என்னிடம் வருவதற்குள்ளேயே ஃபார்மட் போட்டுவிட்டார்கள். பேக்கப் கிடையாது. வேறு கன்ட்ரோலரில் (டிஸ்க்கை மெஷினோடு இணைக்கும் பாகம்) மாட்டி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன். கெட்டுப்போனதால் உபரிக்கு மாற்றப்பட்ட செக்டர்களை (டேட்டா வைக்கும் சிறு துண்டுகள்) சொல்லும் 5ஆம் வரிசை பூஜ்யம். சந்தேகத்தில் நிற்கும் செக்டர்களைச் சொல்லும் 197ஆம் வரிசையும் பூஜ்யம். 199 மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. அது டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே டேட்டா சிதைந்ததைக் காட்டும் எண். தட்டில் ஒரு குறையும் இல்லை, கோளாறு கேபிளில். நன்றாக இருந்த டிஸ்க்கைத்தான் துடைத்து வைத்திருந்தார்கள்.

ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று கேட்டால், “ஸ்மார்ட் எதுவும் காட்டவில்லை சார், ரெய்டும் போடவில்லை, ஒற்றை டிஸ்க்தான்” என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை. ரெய்டு கார்டில் டிஸ்க்கை மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி ரெய்டு 0 ஆக அமைத்திருப்பார்கள். அது ரெய்டு இல்லாத அமைப்பு அல்ல. ஒரே ஒரு டிஸ்க் உள்ள ரெய்டு!

அப்படி அமைத்தால் உங்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பார்ப்பது டிஸ்க்கை அல்ல, கார்டு உருவாக்கிக் காட்டும் மெய்நிகர் டிஸ்க்கை. உண்மையான டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரம் நேராக வராது. சில கார்டுகளில் ஸ்மார்ட் விவரத்தைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளைக்குத் தனி விருப்பம் கொடுத்து எட்டிப் பார்க்கலாம், சிலவற்றில் அதுவும் முடியாது. கார்டு தன் குறிப்புகளை டிஸ்க்கிலேயே ஒரு பகுதியில் எழுதி வைக்கும், பெரும்பாலும் கடைசியில். கார்டு செத்துப்போய் டிஸ்க்கை வேறு கன்ட்ரோலரில் மாட்டினால் பார்ட்டிஷன் தெரியலாம், தெரியாமலும் போகலாம். போதாததற்கு நடுவில் கார்டின் கேஷ், அதாவது டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம், இருக்கிறது. அதன் பேட்டரி செத்த பிறகும் டிஸ்க்கில் எழுதும் முன்பே எழுதிவிட்டதாகச் சொல்லும் ‘ரைட் பேக்’ முறையைக் கட்டாயமாக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கரன்ட் போனால், எழுதிவிட்டதாகச் சொல்லப்பட்ட டேட்டா எங்கேயும் இருக்காது. மறுநாள் ஃபைல் சிஸ்டம் உடைந்திருக்கும். பழி பேட் செக்டர் மேல் விழும்.

எழுதும் பிழை என்றவுடன் டிஸ்க்கைச் சந்தேகிப்பதும் பழக்க தோஷம்தான். படிக்கும் பிழை வந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள், சரி. எழுதும்போது அப்படியல்ல. பலவீனமான செக்டரில் எழுத நேர்ந்தால் டிஸ்க் சத்தமில்லாமல் உபரி செக்டருக்கு மாற்றிக்கொள்ளும். அதையும் மீறிப் பிழை உங்கள் வரைக்கும் வருகிறதென்றால், ஒன்று உபரி தீர்ந்திருக்க வேண்டும், அப்போது 5ஆம் வரிசை ஏறிக் கிடக்கும். அல்லது டேட்டா டிஸ்க்குக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவே இல்லை. கேபிள், பேக்பிளேன் (டிஸ்க்குகளைச் செருகும் பலகை), பவர் சப்ளை என்று வரிசையாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டிஸ்க்கில் பிழை வந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான பாகத்தைத்தான் தேட வேண்டும். அது கார்டாகவும் இருக்கலாம். ரெய்டு கார்டுகள் சர்வரின் பலமான காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை. சாதாரண கேபினெட்டில் ஃபேன் இல்லாமல் வைத்தால் சூடாகித் தடுமாறும்.

இன்னொன்று: இரண்டாவது முயற்சியில் பிழை வரவில்லை என்பதால் எழுதப்பட்டுவிட்டது என்று நம்பாதீர்கள். லினக்ஸில், டேட்டாவை டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லிவிடக்கூடும், டேட்டா டிஸ்க்குக்குப் போகாமலேயே. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவினரையே 2018இல் உலுக்கிய விஷயம் இது.

ரெய்டு வேண்டாம் என்று முடிவு செய்தால், டிஸ்க்கை அப்படியே ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குக் காட்டும் கார்டை வாங்குங்கள். எல்எஸ்ஐ 9211-8ஐ போன்றவற்றில் அப்படிக் காட்டும் ஐடி ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றலாம். டெல்லின் பெர்க் எச்330, எச்730 கார்டுகளில் அதே வேலையைச் செய்யும் எச்பிஏ முறை அமைப்பிலேயே இருக்கிறது. எச்பியின் ஸ்மார்ட் அரே பி410இல் அந்த வசதி கிடையாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 1068இ சிப் உள்ள பழைய கார்டுகள் 2 டிபிக்கு மேல் பார்க்காது. முறையை மாற்றும் முன் டேட்டாவை வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள், மாற்றியபின் பழைய மெய்நிகர் டிஸ்க் இருக்காது. டேட்டா உள்ள டிஸ்க்கில் ‘இனிஷியலைஸ்’ என்று எது கேட்டாலும் கை வைக்காதீர்கள். ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ (வேறு கார்டு டிஸ்க்கில் எழுதிய குறிப்பு) என்று வந்தால் ‘கிளியர்’ கொடுக்காதீர்கள்.

லினக்ஸ் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு மோசமான செக்டரோடு நிமிடக்கணக்கில்கூடப் போராடும். லினக்ஸின் மையமான கர்னல் 30 நொடிதான் பொறுக்கும், அப்புறம் இணைப்பையே ரீசெட் செய்யும். அந்த அளவை 180 ஆக உயர்த்தி வையுங்கள்.

பிழை வந்த கணமே எழுதுவதை நிறுத்துங்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் செக்டிஸ்க், எஃப்எஸ்சிகே இரண்டும் சரிசெய்யும் முறையில் ஓடினால் டிஸ்க்கில் எழுதும். தடுமாறும் டிஸ்க்கிலோ கேபிளிலோ அவற்றை ஓடவிடுவது மிச்சத்தையும் கெடுக்கும். லாகைப் பார்த்து, 199ஐக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றுங்கள். அந்த எண் திரும்பக் குறையாது, மேலே ஏறாமல் நின்றாலே போதும். பிறகு பழுதான டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூவால் முழு நகல் எடுத்து, பழுதுபார்ப்பதை நகலில் செய்யுங்கள். டேட்டா பத்திரமான பிறகு டிஸ்க் முழுக்க எழுதிப் பாருங்கள். 197இல் ஏதாவது நின்றிருந்தால் அப்போது தெளிந்துவிடும். 5 தொடர்ந்து ஏறினால் மட்டும் டிஸ்க்கைக் கழித்துவிடுங்கள்.

எதுவும் புரியவில்லையா? தயவுசெய்து ஃபார்மட் மட்டும் வேண்டாம். மெஷினை அணைத்து, எந்த போர்ட்டில் எந்த டிஸ்க் என்று எழுதி ஒட்டி, கார்டையும் கேபிளையும் டிஸ்க்கோடு சேர்த்தே கொண்டுவாருங்கள்.